புதுசுன்னா மிரர்லெஸ், பழசுன்னா டிஎஸ்எல்ஆர்: வாசகர் கேள்வி பதில்

இந்த வாட்டி வந்ததுல பாதிக்கு மேல கேமரா கேள்விதான். சின்ன டிஎஸ்எல்ஆர் வாங்கவா மிரர்லெஸ் வாங்கவான்னு ஆளாளுக்குக் கேட்டிருக்கீங்க. தேவை வேற வேறயா இருக்குற நாலு கேள்விய எடுத்துக்கிட்டேன்.

அண்ணே, நான் வீட்லயே டெய்லரிங் பண்றேன், ஆரி ஒர்க் பிளவுஸ் போட்டோவும் சின்ன வீடியோவும் எடுத்துப் போட்டாத்தான் ஆர்டர் வருது. போன்ல எடுத்தா கலர் மாறிப்போகுது. கையில 50,000 இருக்கு. கடைக்காரர் டிஎஸ்எல்ஆர்தான் பெரிய கேமரா, படம் நல்லா வரும்ங்குறார், எங்க வீட்டுப் பையன் மிரர்லெஸ் எடுங்கங்குறான். எது சரி? (திருமங்கலம் வாசகி)

தங்கச்சி, பையன் சொல்றதுதான் சரி, ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கிட்டு கடைக்குப் போங்க.

டிஎஸ்எல்ஆர் உள்ள ஒரு கண்ணாடி 45 டிகிரில சாஞ்சு நிக்கும், லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்த அது மேல நாம கண்ண வச்சுப் பாக்குற வியூஃபைண்டருக்குத் திருப்பி விடும், பட்டன அமுக்குனதும் மேல தூக்கிக்கும், அப்பத்தான் வெளிச்சம் படத்தப் பதியுற சென்சார்ல விழும். மிரர்லெஸ்ல அந்தக் கண்ணாடி கிடையாது, சென்சார் என்ன பாக்குதோ அதயே திரையில காட்டிரும். வித்தியாசம் அவ்வளவுதான். கேனான் 1500டி டிஎஸ்எல்ஆர்ல 24.1 மெகாபிக்சல், ஆர்50 மிரர்லெஸ்ல 24.2, சென்சார் சைஸும் ரெண்டுலயும் ஏபிஎஸ்-சிங்குற ஒரே அளவுதான், அதனால பாடி பெருசா இருந்தா படம் நல்லா வரும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

உங்களுக்கு 1500டி ஆகாதுங்குறதுக்குக் காரணம் வேற. நீங்க துணிய மேசையில விரிச்சுட்டு மேல இருந்து எடுப்பீங்க, வீடியோ வேற வேணும். அந்தக் கேமராவுல திரை திரும்பாது, திரையப் பாத்து எடுக்கும்போது ஃபோகஸ் ஆடி ஆடித்தான் வந்து நிக்கும், ஊசி போயிட்டு வர்ற வேகத்துக்கு அது ஈடு குடுக்காது. ஆர்50ல திரைய வெளிய இழுத்துத் திருப்பிக்கலாம், விரலால தொட்ட எடத்துல ஃபோகஸ் வந்து நிக்கும். விலை கம்மின்னு ஆர்100 காட்டுவாங்க, அதுவும் மிரர்லெஸ்தான், ஆனா திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது, உங்க வேலைக்கு வேணாம்.

ஆர்50 கிட், அதாவது லென்ஸோட வர்ற செட், புதுசு உங்க பட்ஜெட்டத் தாண்டுனா கடன் வாங்காதீங்க, செகண்ட் ஹேண்ட்ல கேனான் 200டி மார்க் 2 தேடுங்க. பேருக்கு டிஎஸ்எல்ஆர்னாலும் திரையப் பாத்து எடுக்கும்போது மிரர்லெஸ் மாதிரியே சென்சார்லயே ஃபோகஸ் பண்ணும், திரையும் திரும்பும். கூட வர்ற 18-55 கிட் லென்ஸே போதும், அது 25 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போகும். 50 எம்எம் எஃப் 1.8 வாங்குங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, நல்ல லென்ஸ்தான், ஆனா அது 35 சென்டிமீட்டருக்குக் கிட்ட போகாது, ஜர்தோசி முடிச்ச நெருக்கமா காட்டணும்னா கிட் லென்ஸ்தான் உதவும்.

கலர் மாறுறது கேமராவால இல்ல தங்கச்சி. ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், தலைக்கு மேல ட்யூப் லைட், பக்கத்துல மஞ்ச பல்பு, மூணும் ஒரே துணியில விழுந்தா எந்தக் கேமராவும் குழம்பத்தான் செய்யும், அரக்கு மெரூனாயிரும், கஸ்டமர் வந்து இந்தக் கலர் இல்லையேம்பாங்க. லைட்ட எல்லாம் அணைச்சிருங்க. நேரடி வெயில் விழாத ஜன்னலோரமா மேசையப் போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளச் சார்ட்ட நிறுத்தி வைங்க, நிழல் பக்கம் அது வெளிச்சம் குடுக்கும். அதே வெளிச்சத்துல ஒரு வெள்ளப் பேப்பர எடுத்து, இதுதான் வெள்ளன்னு கேமராவுக்குச் சொல்லிக் குடுக்குற கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வச்சுட்டு அப்புறம் துணிய எடுங்க. இத வச்சுப் பாருங்க, ஜரிகை ஜரிகையாத் தெரியும். மிச்சம் இருக்குற காசுல ஒரு ட்ரைபாட் வாங்கிருங்க, அத மட்டும் தள்ளிப்போடாதீங்க.

அண்ணே, ஜல்லிக்கட்டு போட்டோ எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. தெரிஞ்சவர் ஒருத்தர் 1500டிய 18-55, 55-250 ரெண்டு லென்ஸோட குடுக்குறேங்குறார். அதே காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா சோனி இசட்வி-இ10 மிரர்லெஸ் வருது. எது எடுக்க? (அலங்காநல்லூர் வாசகர்)

தம்பி, கண்ண மூடிக்கிட்டு அந்த ரெண்டு லென்ஸ் செட்ட எடுங்க. அய்யோ, கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு எடுங்க, எப்படின்னு கீழ சொல்றேன்.

இசட்வி-இ10 நல்ல கேமரா, வீடியோவுக்குன்னே செஞ்சது, ஃபோகஸ்ல 1500டி அது பக்கத்துலயே நிக்க முடியாது. ஆனா அதுல வியூஃபைண்டர் இல்ல. தை மாச வெயில்தானேன்னு நெனைக்காதீங்க, பத்து மணிக்கு மேல கேலரியில நின்னு திரையப் பாத்தா உங்க மொகம்தான் தெரியும், மாடு தெரியாது. அதோட கூட வர்ற 16-50 லென்ஸ வச்சு தூரத்துல இருந்து வாடிவாசல எடுத்தா மாடு எறும்பாட்டம் இருக்கும், தூரத்த இழுக்குற லென்ஸுக்குத் தனியா எடுத்து வைக்கணும். உங்களுக்குக் கெடைக்கிற 55-250 கேனான் ஏபிஎஸ்-சியில 1.6 மடங்கு கணக்குப்படி 400 எம்எம் மாதிரி இழுக்கும். கேலரியில இருந்து எடுக்க அது போதும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்கும் இதையே தூக்கிட்டுப் போகலாம், 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு, மலையில ராஜாளிக இருக்கு, பறவை எடுக்கப் பழக அத விட நல்ல எடம் நம்ம பக்கத்துல இல்ல.

1500டியில மொத்தமே 9 ஃபோகஸ் பாயிண்ட், அதுல நடுவுல இருக்குறதுதான் நம்பகமானது. நடுப் பாயிண்ட்ட மட்டும் வச்சுக்கங்க, ஃபோகஸ் மோட ஓடுறத விடாம தொரத்துற ஏஐ சர்வோவுல போடுங்க, ஷட்டர் ஸ்பீடு 1/1000 விநாடிக்குக் கீழ எறக்காதீங்க, பகல் வெயில்ல அப்பெர்ச்சர், அதாவது லென்ஸ் தொறப்பு, எஃப் 5.6னா வெளிச்ச உணர்திறனக் காட்டுற ஐஎஸ்ஓ 400க்குள்ளயே அடங்கிரும். விநாடிக்கு 3 படம்தான் எடுக்கும், அதனால சும்மா அமுக்கிட்டே இருந்தா வாய்ப்பு போயிரும். மாடு வாடிய விட்டு வெளிய வந்து முன்னங்கால் தூக்குற நேரம் பாத்து அமுக்கணும், அதுக்கு மாட்டப் பாத்துப் பழகுன கண்ணு வேணும், அது உங்க ஊர்க்காரவங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

இப்ப வாங்குறதப் பத்தி. ராத்திரி போயி வாங்காதீங்க, வெள்ளனயே போங்க. லென்ஸக் கழட்டி ஒரு பக்கம் போன் டார்ச்ச அடிச்சு மறுபக்கம் இருந்து சாச்சுப் பாருங்க, தூசி நாலஞ்சு இருந்தாப் பரவால்ல, ஆனா சிலந்தி வலை மாதிரி மெல்லிசா நூல் நூலாக் கிளை விட்டிருந்தா அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, அந்த லென்ஸ் வேணாம், எவ்வளவு கொறச்சாலும் வேணாம். அடுத்து அப்பெர்ச்சர எஃப் 16ல வச்சு வெள்ளச் செவத்த எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க, கருப்புப் புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி, அது தொடச்சா போயிரும், அதக் காட்டி வெலையக் கொறைக்கலாம். லென்ஸ் மூடியப் போட்டுட்டு ஒரு படம் எடுங்க, செவப்போ பச்சையோ வெளிச்சப் புள்ளியா நெறைய வந்தா யோசிங்க. மெமரி கார்டு மூடி, பேட்டரி மூடி, லென்ஸ் ஒக்கார்ற வளையம், ஃப்ளாஷ் மாட்டுற எடம், நாலையும் பாருங்க, கல்யாண வேலைக்கு ஓடுன கேமரான்னா ஃப்ளாஷ் மாட்டுற எடத்துல பெயிண்ட் தேஞ்சு உள்ள இருக்குற உலோகம் தெரியும். ஒரிஜினல் பில்லும் சீரியல் நம்பரும் ஒத்துப்போகணும், பில் இல்லன்னா திருட்டுக் கேமராவாக் கூட இருக்கலாம், தெரிஞ்சவரா இருந்தாலும் கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். 2020க்கு அப்புறம் கேனானும் சரி நிக்கானும் சரி புது டிஎஸ்எல்ஆர் பாடி எதுவும் விடல, புது லென்ஸெல்லாம் மிரர்லெஸ்ஸுக்குத்தான் வருது. அதனாலதான் புதுசா முழு வெல குடுத்து டிஎஸ்எல்ஆர் வாங்குறது எனக்கு மனசு ஒப்பல. ஆனா அதே காரணத்தாலதான் ஆளுக எல்லாம் மாறி மாறி டிஎஸ்எல்ஆர வித்துட்டு இருக்காங்க, நல்ல லென்ஸுக மலிவா வருது, கத்துக்க நெனைக்கிற பிள்ளைகளுக்கு இத விட நல்ல காலம் கெடையாது. நாளைக்கு கேனானோட மிரர்லெஸ்ஸான ஆர் சீரிஸுக்குப் போனாலும் இந்த லென்ஸுக வீணாகாது, கேனானோட ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர் ஒண்ணு மாட்டுனா ஆட்டோ ஃபோகஸோட வேலை செய்யும்.

ஃபிலிம் காலத்துல எங்க அப்பா வாங்குன நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸ் ரெண்டு இருக்கு. டி3500 டிஎஸ்எல்ஆர் வாங்கி அதுல மாட்டலாமா, இல்ல இசட்50 மிரர்லெஸ் வாங்கி அடாப்டர் போடலாமா? (தல்லாகுளம் வாசகர்)

ஐயா, ரெண்டுலயும் ஆட்டோ ஃபோகஸ் வராது. ஏஎஃப்-டி லென்ஸுக்குள்ள மோட்டார் கெடையாது, பாடியில இருக்குற மோட்டார் ஒரு சின்ன திருப்புளி மாதிரி வந்து லென்ஸத் திருப்பணும். டி3500ல அந்த மோட்டார் இல்ல, நிக்கானோட எஃப்டிஇசட் அடாப்டர்லயும் இல்ல. ஆட்டோ ஃபோகஸ் கண்டிப்பா வேணும்னா டி7200 இல்லாட்டி டி7500, செகண்ட் ஹேண்ட்ல பாருங்க, ரெண்டுலயும் மோட்டார் இருக்கு. கையாலயே பைய ஃபோகஸ் பண்ணிக்கிறேன்னு சொன்னீங்கன்னா இசட்50 தான் சொகம், வியூஃபைண்டருக்குள்ளயே படத்தப் பெருசாக்கிப் பாக்கலாம், கூர்மையா இருக்குற ஓரத்துல கலர் கோடு போட்டுக் காட்டும், டி3500ல அந்தச் சின்ன வியூஃபைண்டர வச்சுக்கிட்டு கண்ணு வலிக்கும். பேட்டரி மட்டும் டி3500ல யானை பலம், ஒரு சார்ஜுக்கு 1550 படம்னு கம்பெனியே சொல்லுது, மிரர்லெஸ்ல அதுல பாதி கூட வராது, கையில இன்னொரு பேட்டரி வச்சுக்கங்க.

சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்குறத எடுக்கணும், ஆர்50 புதுசா வாங்கிருக்கேன். தண்ணி பீச்சுறவங்க நடுவுல கேமரா தாங்குமா? (செல்லூர் வாசகி)

தாங்காதும்மா. ஆர்50 மட்டுமில்ல, இந்த வெலையில வர்ற டிஎஸ்எல்ஆரும் தண்ணிக்குத் தாங்காது. தோப்பறையில, அதாவது ஆட்டுத்தோல் பையில, இருந்து பீச்சுற தண்ணி நேரா மொகத்துலதான் அடிக்கும். கனமான பிளாஸ்டிக் கவர்ல லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால இறுக்கி, லென்ஸ் முன்னாடி ஒரு யூவி ஃபில்டர் போட்டுக்கங்க, தண்ணி பட்டா ஃபில்டரத் தொடச்சுக்கலாம். அங்க நின்னுக்கிட்டு லென்ஸ மட்டும் மாத்தாதீங்க. மிரர்லெஸ்ல லென்ஸக் கழட்டுனா சென்சார் தொறந்த மேனிக்கு நிக்கும், ஆத்து மணலும் ஜனக்கூட்டம் கெளப்புற புழுதியும் நேரா அதுமேல போய் ஒக்காரும். வீட்ல கெளம்பும்போதே ஒரு லென்ஸ மாட்டிட்டுப் போங்க.

விடியக்காலையில சாமி வர்ற நேரம் சீரியல் லைட்டுக எரியும், அப்ப சத்தமில்லாம எடுக்குற சைலண்ட் ஷட்டர்ல எடுத்தா படத்துல கோடு கோடா விழும். சைலண்ட நிறுத்திட்டு ஷட்டர் ஸ்பீட 1/100ல வைங்க, நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுக்கு அது ஒத்துப்போகும். மீறி தண்ணி உள்ள எறங்கிட்டா ஆன் பண்ணிப் பாக்காதீங்க, பேட்டரியக் கழட்டிட்டு, காத்து பட வச்சுட்டு, அடுத்த நாள் சர்வீஸ்ல குடுங்க.