மின்சார மினி லாரிக்குத் துணையாக ஜெனரேட்டர் வாங்கலாமா?

கேள்வி: ஒலி, ஒளி அமைப்பு வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். அம்மன் கோயில் கொடை, பங்குத் திருவிழா, கல்யாண வீடு என்று மாவட்டம் முழுவதும் போக வேண்டியிருக்கிறது. பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சார மினி லாரி வாங்கலாம் என்று பார்க்கிறேன். வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளும் விளக்குகளும் இருக்கும். பின்னால் இருசக்கர டிரெய்லரில் பெரிய டீசல் ஜெனரேட்டர். வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்று விற்பனையாளரிடம் கேட்டேன். “3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், கவலை விட்டது” என்கிறார். வாங்கலாமா ஐயா?
- வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் வண்டியின் கணக்கைப் பாருங்கள். டாடா ஏஸ் மின்சார வண்டியின் 600 கிலோ ரகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரியில் 21.3 கிலோவாட் மணி, அதாவது மின்கட்டணக் கணக்கில் 21.3 யூனிட் பிடிக்கும். சான்றிதழ் சொல்லும் தூரம் 154 கி.மீ. அது சோதனைக்காக ஓட்டிய தூரம். திருவிழாச் சாமானோடு ஓட்டியது அல்ல. முழுச் சுமையும் டிரெய்லரும் சேர்ந்தால் கி.மீ.க்கு 0.3 யூனிட் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கினால் மிஞ்சுவது 17 யூனிட். 55 கி.மீ. தாண்டினாலே பெரிது.

தக்கலையிலிருந்து மண்டைக்காட்டு மாசிக் கொடைக்குப் போய்வர இது தாராளம். கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்ப 70 கி.மீ.க்கு மேல் ஆகும். அங்கே சார்ஜ் ஏற்றாமல் வீடு வந்து சேர முடியாது. திருநெல்வேலிக்கு டிரெய்லரோடு போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதிலும் ஆனி, ஆடியில் திரும்பி வரும்போது, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே மேல்காற்று உங்கள் ஸ்பீக்கர் அடுக்கின் முகத்தில் வந்து மோதும். ஆரல்வாய்மொழியில் சாலை சமமாகத்தான் தெரியும். சார்ஜ் மட்டும் மலை ஏறுவதுபோல் கரையும்.

இனி ஜெனரேட்டருக்கு வருவோம். 15 ஆம்பியர் பிளக்கில் செருகும் சார்ஜர் ஏறக்குறைய 3 கிலோவாட் இழுக்கும். 3 கேவிஏ என்று எழுதியிருக்கும் சிறு ஜெனரேட்டர் தொடர்ந்து கொடுப்பது பெரும்பாலும் இரண்டரை கிலோவாட் அளவில்தான். சார்ஜர் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துவைக்க வசதி இல்லையென்றால், செருகிய சற்று நேரத்தில் டிரிப் ஆகி நின்றுவிடும். வசதி இருந்தாலும் இழப்பெல்லாம் போக பேட்டரிக்குள் சேர்வது மணிக்கு 2 யூனிட்டுக்கும் குறைவு. வீட்டுக்கு இன்னும் 15 கி.மீ. இருக்கும்போது வண்டி நின்றது என்றால், சாலையோரத்தில் இரண்டரை மணி நேரம் படபடவென்று ஓடும் இயந்திரத்தோடு நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே சார்ஜ் ஏற்றவும் முடியாது. பிளக் செருகியிருக்கும் வரை வண்டி நகராதபடிதான் அமைத்திருக்கிறார்கள்.

லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றரை யூனிட் அளவில் கிடைக்கும். டிரெய்லரோடு 5 கி.மீ. ஓடலாம். இதைவிட உங்கள் பழைய டீசல் வண்டி அதிகமாகக் கொடுத்திருக்கும்.

இன்னொரு சிக்கலைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். சிறு ஜெனரேட்டர்களில் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது. வண்டியின் சார்ஜர் முதலில் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அதைச் சரிசெய்வது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. நடுவழியில் ஒரு துண்டு வயரை வைத்து யாரும் முயல வேண்டாம். மழையில் ஜெனரேட்டர் நனைகிறதே என்று, மூடிய பெட்டி வண்டிக்குள் வைத்து ஓட்டவும் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆள் மயங்கிய பிறகுதான் தெரியும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போகலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் கணக்குக்கு 1.8 யூனிட், வேகமாக எடுத்தால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டரால் 3 கிலோவாட் சுமையைத் தாங்கவும் முடியாது. எடை 50 கிலோவுக்கு மேல். விட்டுவிடுங்கள்.

சரி, பணத்தை எதில் போடுவது? நல்ல வயரில். நீங்கள் திருவிழாத் திடலில் பிற்பகலே வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். கச்சேரி முடிந்து சாமான் ஏற்ற நள்ளிரவு தாண்டிவிடும். அந்த எட்டு மணி நேரம் வண்டி சும்மா நிற்கிறது. கோயில் மடப்பள்ளியிலோ ஆலய மண்டபத்திலோ ஒரு 15 ஆம்பியர் பிளக் கிடைத்தால் ஏறக்குறைய முழு பேட்டரியும் நிறைந்துவிடும். விழாக் குழுவிடம் வாடகை பேசும்போதே இதையும் பேசி, யூனிட்டுக்கு உரிய காசைக் கொடுத்துவிடுங்கள். வயர் மட்டும் மூன்று கோர் உள்ள செம்புக் கம்பியாக, 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். 25 மீட்டருக்கு மேல் இழுப்பதாக இருந்தால் 4 சதுர மி.மீ. பந்தல் விளக்குக்கு இழுக்கும் இரட்டை வயர் இதற்கு ஆகாது. சுருளாக வைத்தபடி சார்ஜ் ஏற்றவும் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துச் சுருளின் நடுவில் கை வைத்துப் பாருங்கள், ஏன் என்று தெரியும்.

டிரெய்லரில் இருக்கும் உங்கள் பெரிய ஜெனரேட்டர் எப்படியும் விழாவுக்காக ஓடும். எர்த் கம்பி ஒழுங்காக இறக்கியிருந்து, சுமையில் இடமும் இருந்தால், அதிலிருந்தே வண்டிக்கும் சார்ஜ் கொடுக்கலாம். இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. வழியில் சார்ஜ் குறைந்தால் வேகத்தை 40க்குக் குறையுங்கள். அப்படியும் போதாது என்றால் தெரிந்த இடத்தில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் சார்ஜிங் நிலையத்துக்கு ஓட்டுங்கள். மிஞ்சிய சார்ஜில் போகும் தூரம் ஒன்றரை மடங்காவது ஆகும்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்: அந்த வண்டி டிரெய்லர் இழுக்க அனுமதி பெற்றதா? கையேட்டில் இழுவை எடை குறிப்பிட்டிருக்க வேண்டும். குறிப்பிடவில்லை என்றால், பட்டறையில் கொக்கி பற்றவைத்துக் கொடுப்பார்கள் என்பதற்காக இழுக்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் அந்தக் கொக்கியைத்தான் பார்க்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்; அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அனுமதி இல்லாத வண்டி என்றால், பெரிய ஜெனரேட்டரை மட்டும் வாடகைக்கு எடுத்த டீசல் வண்டியில் அனுப்புவதே உங்களுக்கு லாபம்.

கேள்வி: என் மின்சார மினி லாரியில் 60 சதவீதம் சார்ஜ் இருந்தும் காலையில் கிளம்பவில்லை. இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துப் போகச் சொன்னார்கள். சரியா?
- வாசகர், கருங்கல்

பதில்: இழுக்காதீர்கள். சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுற்றும். அது மின்சாரம் உற்பத்தி செய்து உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகளைக் கெடுக்கலாம். முழு வண்டியையும் தூக்கி வைக்கும் தட்டு வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கு முன் 12 வோல்ட் சிறு பேட்டரியைச் சோதியுங்கள். பெரிய பேட்டரியை இணைத்துவிடும் சுவிட்சுக்கே அதுதான் உயிர். அது இறங்கிவிட்டால் பெரியதில் எவ்வளவு இருந்தும் வண்டி அசையாது. வண்டியில் அவசரத்துக்கு ஏதாவது வைத்திருக்க வேண்டும் என்றால், கையடக்க 12 வோல்ட் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை வையுங்கள்.

கேள்வி: “சுமையோடு 150 கி.மீ. ஓடும்” என்று வாயால் சொல்லி விற்றார்கள். பாதிகூட ஓடவில்லை. தொழிலுக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்கிறார்களே?
- வாசகர், குளச்சல்

பதில்: அது பாதி உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கி, தானே பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. ஒரே வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி வேண்டும்: விளம்பரத் தாள், விலைப்பட்டியல், விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.