பொம்மையைப் பார்ப்பதா, விதியைப் பார்ப்பதா?

மேசைப் போர் விளையாட்டுகள்: வாசகர் கேள்வி–பதில்

கே: வார்ஹாமர் 40,000 பொம்மைகளை வீடியோவில் பார்த்து மயங்கிக் கிடக்கிறேன். தம்பியோ, "ஆட்டம் எப்படி என்று பார், அழகைப் பார்த்துக் காசைக் கொட்டாதே" என்கிறான். பெட்டி வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்? — வாசகர், கோவை

ப: பெட்டி கொஞ்ச நாள் கடையிலேயே இருக்கட்டும். முதலில் அட்டையில் ஆடிப் பாருங்கள். 2023-ல் வந்த பத்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை, அதைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமே இலவசமாகத்தான் வெளியிட்டது.

2 மி.மீ. தடிமன் அட்டையில் 32 மி.மீ. வட்டங்களாக வெட்டுங்கள். இந்த ஆட்டத்தின் கவச வீரர்களான ஸ்பேஸ் மரீன்களில் சாதாரணக் காலாட்படையின் பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) அளவு அதுதான். அளவில் அலட்சியம் வேண்டாம். தூரமெல்லாம் பேஸின் விளிம்பிலிருந்து அளக்கப்படுவதால், 25 மி.மீ. வட்டம் போட்டால் பத்துப் பேர் கொண்ட வரிசை 7 செ.மீ. சுருங்கிவிடும். நிஜத்தில் எட்டாதவர்களும் கைகலப்பில் எட்டுவார்கள், சோதனையே பொய்யாகிவிடும். வட்டத்தின் மேல் 40 மி.மீ. உயரத்துக்கு மடித்த காகித உருவம் ஒன்றை ஒட்டி, அதில் ஆயுதத்தின் பெயரை எழுதுங்கள். அடியில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 30 மி.மீ. வாஷர் ஒன்றை ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் மின்விசிறி போட்டதும் படை பறந்துவிடும்.

மூன்று ஆட்டம் ஆடுங்கள். முதலாவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது விதியைப் புரட்டுவதிலேயே போய்விடும். இரண்டாவதில் படைகளை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவதில் கடிகாரத்தை வைத்து, எதிராளி ஆடும்போது நீங்கள் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறீர்கள் என்று பாருங்கள். வார்ஹாமரில் ஒருவர் தன் முழுப் படையையும் ஆடி முடித்த பிறகே மற்றவர் முறை வரும். ஒன் பேஜ் ரூல்ஸ் குழுவின் கிரிம்டார்க் ஃப்யூச்சர் ஆட்டத்தில் ஆளுக்கொரு யூனிட்டாக (சேர்ந்து நகரும் குழு) மாறி மாறி நகர்த்துவார்கள். அதன் அடிப்படை விதிகளும் இலவசம். அதே அட்டைப் படையை வைத்து அதையும் ஒருமுறை ஆடிவிடுங்கள்.

நான்காவது ஆட்டத்துக்கு உங்களுக்கே கை பரபரத்தால் பெட்டியை வாங்கலாம். பரபரக்கவில்லை, பொம்மை மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது என்றால், பிடித்த ஐந்தை மட்டும் வாங்கி வண்ணம் தீட்டி அலமாரியில் வையுங்கள். அதில் தப்பே இல்லை, செலவும் குறைவு.

கே: பொம்மைக்குப் பதில் சோடா மூடி வைத்து ஆடினால் என்ன குறைந்துவிடும்? — வாசகர், மதுரை

ப: சில ஆட்டங்களில் ஒன்றும் குறையாது. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ஃபான் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் ஆட்டத்தில் பொம்மையே கிடையாது. 1:8000 அளவு வரைபடத்தின் மேல் சிவப்பு, நீலக் கட்டைகள்தான் படை. 1990-ல் வந்த டி.பி.ஏ. என்ற பண்டைக்காலப் போர் ஆட்டத்திலும் ஒரு படைக்கு 12 பேஸ்கள்தான், 15 மி.மீ. உயரப் பொம்மைகளுக்கு எல்லாப் பேஸும் 40 மி.மீ. அகலம். அகலமும் படைவகையும் தெரிந்தால் போதும். வெறும் அட்டையில் 'ஈட்டி', 'குதிரை' என்று எழுதி வைத்தே முழு ஆட்டத்தையும் ஆடலாம்.

எதிர்முனையில் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913-ல் அவர் வெளியிட்ட விதிகளில், ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுட வேண்டும். விழுந்த சிப்பாய் செத்தவன். அங்கே பொம்மையின் உயரமும் அது நிற்கும் நிலையுமே விதி. சோடா மூடியை எப்படிச் சுட்டு வீழ்த்துவீர்கள்?

இன்றைய ஆட்டங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. பத்துப் பேரில் ஒருவன் கையில் மட்டும் தீப்பீச்சி இருந்தால், அது யார் என்று மேசையின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு பார்வையில் தெரிய வேண்டும். 28 மி.மீ. பொம்மைகளில் தலை, கை, துப்பாக்கி எல்லாம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பது வெறும் அலங்காரத்துக்கு அல்ல, மூன்றடி தூரத்திலிருந்து அடையாளம் தெரிய அது உதவுகிறது. மூடி வைத்து ஆடினால் "இது எது?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பீர்கள்.

கே: என் தளபதி சுவருக்குப் பின்னால்தான் நின்றார். ஈட்டி முனை மட்டும் வெளியே தெரிந்ததால் சுட்டுவிட்டார்கள். இது நியாயமா? — வாசகர், திருச்சி

ப: விதிப்படி சரி. பத்தாம் பதிப்பில், சுடுபவரின் எந்தப் பகுதியிலிருந்தாவது இலக்கின் எந்தப் பகுதியாவது தெரிந்தால் போதும். ஈட்டி, கொடி, இறக்கை நுனி எல்லாம் கணக்கில் சேரும். விளைவு என்ன? வாளை உயர்த்திப் பாறைமேல் நிற்கும் கம்பீரமான தளபதி ஆட்டத்தில் நஷ்டம், குந்தியிருப்பவர் லாபம். வேண்டுமென்றே படையைக் குனிய வைத்து ஒட்டுபவர்களும் உண்டு.

2010-ல் வந்த, வார்மெஷின் என்ற வேறொரு மேசைப் போர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதை அழகாகத் தீர்த்தது. 30 மி.மீ. பேஸில் இருப்பவர், சிற்பம் எப்படி இருந்தாலும், 1.75 அங்குல உயர உருளை என்றே கணக்கு. 40 மி.மீ. பேஸுக்கு 2.25 அங்குலம், 50-க்கு 2.75. பொம்மையைப் பற்றிக் கவலைப்படாத விதிதான் சிற்பிக்கு முழுச் சுதந்திரம் தருகிறது என்பது என் கட்சி.

எதிராளி ஒப்புக்கொண்டால் நீங்களும் இதைச் செய்யலாம் (போட்டிகளில் எடுபடாது). 100 மி.மீ. நீளம், 44 மி.மீ. உயரத்தில் தடித்த காகிதப் பட்டை வெட்டி, 6 மி.மீ. மேலேற்றி ஒட்டினால் 30 மி.மீ. விட்டமுள்ள குழாய் கிடைக்கும். தெரிகிறதா, இல்லையா என்று சண்டை வரும்போது பொம்மையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குழாயை வைத்துப் பாருங்கள். எடுக்குமுன் பேஸை ஒட்டி இரண்டு பக்கம் பகடை வைத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறந்தால் 'இங்கேதான் இருந்தது' என்று இன்னொரு சண்டை ஆரம்பிக்கும்.

கே: வண்ணம் தீட்டிய படைக்கு 10 புள்ளி தருகிறார்களே, வண்ணத்துக்கும் வெற்றிக்கும் என்ன சம்பந்தம்? — வாசகர், சென்னை

ப: நூற்றில் பத்து, அவ்வளவுதான். முக்கியப் பகுதிகளுக்கு நிறமும் பேஸுக்கு ஒரு முடிப்பும் இருந்தால் போதும், ஓவியப் போட்டி அல்ல. 2015-ல் அதே நிறுவனத்தின் ஏஜ் ஆஃப் சிக்மார் ஆட்டம் வந்தபோது இதைவிட வேடிக்கை: பழைய படைத்தளபதி ஒருவருக்கு, எதிராளியைவிட உங்கள் மீசை கம்பீரமாக இருந்தால் தவறிய பகடையை மறுபடி உருட்டலாம் என்று விதி எழுதினார்கள்.

மேசையில் பொம்மை மேலிருந்துதான் தெரியும். முகம், தோள், ஆயுதம், பேஸின் விளிம்பு — இந்த நான்கில் நேரம் செலவிடுங்கள். கால்களின் உட்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. சென்னைக்காரர் என்பதால் ஒன்று: ஸ்ப்ரே ப்ரைமரை (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அதிகாலையில் அடிக்காதீர்கள், ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், மேட் வார்னிஷ் அந்த நேரத்தில் அடித்தால் பால்போல் வெளுத்துவிடும். வெயில் ஏறிய பின் நிழலில், 20–25 செ.மீ. தள்ளி, குட்டிக் குட்டி வீச்சாக அடியுங்கள். மழைக்காலத்தில் தூரிகையால் தடவும் ப்ரைமர்தான் நல்லது; மெல்லியதாக இரண்டு பூச்சு பூசி, ஒருநாள் காயவிடுங்கள்.

கே: கை நிறையப் பகடை உருட்டுவதுதான் நல்ல விதியா? — வாசகர், சேலம்

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். மரீன்கள் 18 குண்டு சுடுகிறார்கள். பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் படும்: 12. குண்டின் பலமும் இலக்கின் உறுதியும் சமம் என்றால் 4 அல்லது அதற்கு மேல் காயம்: 6. எதிராளி கவசத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் உருட்டித் தடுப்பார்: சராசரியாக 2 காயம் கவசத்தைத் தாண்டும். ஆளுக்கு 2 உயிர் உள்ள மரீன் என்றால், இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் விழுவது ஒருவன். இலக்கைத் தேர்ந்தெடுத்த பிறகு யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை.

ஆனால் அந்தக் கவச உருட்டலைக் குறை சொல்ல மாட்டேன். எதிராளியின் நீண்ட முறை முடியக் காத்திருப்பவருக்குக் கையில் அது ஒரு வேலை. டி.பி.ஏ.வில் ஆளுக்கொரு பகடை உருட்டி, தன் படைவகைக்குரிய எண்ணை அதோடு கூட்டுவார்கள். குறைந்தவர் பெரும்பாலும் பின்வாங்குவார், எதிராளியின் எண்ணில் பாதியோ அதற்குக் கீழோ என்றால் பெரும்பாலும் காலி. ஆனால் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் உருட்டும் ஒற்றைப் பகடைதான் எத்தனை நகர்வு என்று சொல்லும். 2 விழுந்தால் எந்த இரண்டை நகர்த்துவது? மண்டை காய்வது அங்கேதான். ஆட்டத்தை எடைபோட, உருட்டல்களை எண்ணாதீர்கள். இரண்டு உருட்டலுக்கு நடுவே எத்தனை முறை யோசித்தீர்கள் என்று எண்ணுங்கள்.

கே: எனக்குப் பிடித்த துப்பாக்கி பார்க்க அருமை, ஆட்டத்தில் சொத்தை. எதை ஒட்டுவது? — வாசகர், யாழ்ப்பாணம்

ப: பத்தாம் பதிப்பில் பெரும்பாலான ஆயுதங்களுக்கு, படை சேர்க்கும் புள்ளிக் கணக்கில் தனி விலை இல்லாததால், எல்லோரும் பலமானதையே எடுக்கிறார்கள். அடுத்த பதிப்பில் அது தலைகீழாகலாம். ஆகவே ஒட்டாதீர்கள், காந்தம் வையுங்கள்.

3 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன் நியோடிமியம் காந்தம் சாதாரணக் கைக்குப் போதும். கைத்துளைப்பானில் முதலில் 1 மி.மீ. வழித்துளை, பிறகு 3 மி.மீ. நேரடியாகப் பெரியதைப் போட்டால் நுனி வழுக்கித் துளை கோணும். காந்தங்களை அடுக்காகவே வைத்து மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளியிடுங்கள். உடலில் புள்ளி உள்ளே, கையில் புள்ளி வெளியே. இதை மாற்றினால் கை எகிறித் தள்ளும். சூப்பர் குளூவைத் துளைக்குள் ஒரு பொட்டு வைத்துக் காந்தத்தைப் பல்குச்சியால் அழுத்துங்கள், எஃகு இடுக்கி என்றால் அதோடேயே வந்துவிடும். நன்றாகக் காயுமுன் கையை மாட்டிப் பார்க்காதீர்கள்: எதிர்க் காந்தம் இழுத்துக்கொண்டு போய்விடும். காந்த முகத்தில் வண்ணமும் வேண்டாம், பிடி தளரும்.

கே: பழைய 20 மி.மீ. சதுரப் பேஸ் படையை 'வார்ஹாமர்: தி ஓல்ட் வேர்ல்ட்' ஆட்டத்தில் ஆடலாமா? — வாசகர், புதுச்சேரி

ப: 2024 ஜனவரியில் வந்த அந்த ஆட்டத்தில் மனிதக் காலாட்படைக்கு 25 மி.மீ. ஐவர் வரிசை 100-லிருந்து 125 மி.மீ. ஆகிவிட்டது, சண்டை முகப்பே மாறுகிறது. பேஸைப் பிடுங்க வேண்டாம், 25 மி.மீ. அட்டைச் சதுரத்தை அடியில் ஒட்டிவிடுங்கள். இருபது பேரையும் சேர்த்து நகர்த்தும் தட்டின் உள்ளளவு 126 × 101 மி.மீ. வையுங்கள். அந்த 1 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் கடைசி ஆள் உள்ளே இறங்க மாட்டான்.