துட்டிக் கிழங்கு

அண்ணாச்சிக்கு வணக்கம்.

என் தங்கை அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். போன மார்ச்சில் அவள் மாமனார் அங்கேயே தவறிவிட்டார். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒரு கண்ணாடித் தட்டு நிறைய உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் சுட்டு எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாராம். தட்டின் அடியில் அவர் பெயர் எழுதிய ஒட்டுத்தாள்கூட இருந்ததாம். அந்தப் பண்டத்துக்கு அங்கே பெயரே ‘ஃபியூனரல் பொட்டேட்டோஸ்’. நம்ம பாஷையில் துட்டிக் கிழங்கு, சாவு வீட்டுக் கிழங்கு! வெங்காய மணம் தூக்கலாக இருக்குமாம். தங்கையின் பிள்ளைகள் டிசம்பரில் இங்கே வரும்போது அதைத்தான் கேட்கிறார்கள்.

செய்முறையில் ஆனியன் சூப் பொடி என்று போட்டிருக்கிறது. நாகர்கோவிலில் எங்கே கிடைக்கும்? எந்த சீஸ் வாங்குவது? என்னிடம் இருப்பது 20 லிட்டர் ஓடிஜி மின்சார அடுப்பு, போதுமா? அம்மா வேறு, “துட்டிப் பேரு உள்ள சாதனம் கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டுல வேண்டாம்” என்கிறாள்.

இன்னொன்றும் தோன்றியது. நம் ஊரில் துட்டி வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பது வெறும் கடமை, நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். அங்கே அன்பால் செய்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., மார்த்தாண்டம்

அன்புள்ள எம்.,

சமையல் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், கடிதம் வந்த அன்று நான் ஒரு துட்டி வீட்டிலிருந்து திரும்பியிருந்தேன். எங்கள் தெருவில்தான், மூன்று வீடு தள்ளி. காலையில் விஷயம் தெரிந்ததும் நான் செய்த காரியம், ஓட்டலுக்குப் போன் போட்டு நாற்பது பொட்டலம் இட்லி சொன்னது. கொண்டுவந்த பையன் பந்தலுக்குக் கீழே நின்று, “ஆர்டர் யாரு பேருல?” என்று சத்தமாகக் கேட்டான். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அது இரண்டு நாளாக மனசில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

சரி, முதலில் அடுக்களை வேலையை முடித்துவிடுவோம்.

சூப் பொடிக்காக அலைய வேண்டாம். அதில் முக்கியமாக இருப்பது காய்ந்த வெங்காயமும் உப்பும்தான். தஞ்சாவூர்ப் பக்கம் வெங்காய வடகம் போட்டு வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்தப் புத்திதான். ஆனால் வடசேரி கனகமூலம் சந்தையில் உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளி மணத்துக்குப் பொட்டலம் தேடுவது, முட்டத்தில் பெண்ணெடுத்துவிட்டு டின் மீன் வாங்குகிற மாதிரி இருக்கிறது. கால் கிலோ உள்ளியைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு உரியுங்கள். பெரிய பல்லாரி வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். நீளவாக்கில் அரிந்து வெண்ணெயில், சிறு தீயில். ஐந்து நிமிடத்தில் பொன்னிறம் என்று வீடியோவில் சொல்வார்கள், பொய். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி போகும், பிறகு தண்ணீர் வற்றும், அப்புறம்தான் உள்ளிக்குள் இருக்கும் சர்க்கரை சிவக்கத் தொடங்கும். அடியில் பிடித்தால் பயப்படாமல் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சேருங்கள். மணம் அந்தப் பிடிப்பில்தான் இருக்கிறது.

கிழங்கு ஒரு கிலோ. தோலோடு, ஒரு கொதி குறைவாக வேகவைத்து, இரவு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் துருவுங்கள். சூட்டோடு துருவினால் பசையாகிவிடும். அங்கே டின் சூப் ஊற்றுவார்கள். 1934இல் காம்ப்பெல் கம்பெனி காளான் சூப்பை டின்னில் அடைத்து விற்கத் தொடங்கியபின் பல வீடுகளில் சாஸ் கிண்டும் வேலை போயிற்று. உங்களுக்கு வெண்ணெய், மைதா இரண்டிரண்டு கரண்டியும் இரண்டு டம்ளர் பாலும் போதும், கட்டி தட்டாமல் கிண்டுங்கள். புளித்த கிரீமுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். சீஸில் செடார் நூறு கிராம், அது மணத்துக்கு. ‘பிராசஸ்டு’ என்று போட்டிருக்கும் சாதாரணக் கட்டிச் சீஸ் நூறு கிராம். அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், எண்ணெய் மிதக்காது. மொசரெல்லா வேண்டாம், நூல் விடும், ருசி இருக்காது. எல்லாவற்றையும் கலந்து தட்டில் பரப்பி, மேலே கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்கி வெண்ணெயில் பிசறித் தூவி, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். ஓரத்தில் குமிழி விட்டால் ஆயிற்று. உங்கள் ஓடிஜி போதும், ஆனால் தட்டு வாங்கும் முன் உள்ளளவை அளந்துகொள்ளுங்கள். கடையில் போய் ‘கேசரோல்’ என்று மட்டும் கேட்காதீர்கள், சப்பாத்தி வைக்கும் ஹாட்பேக்கைத் தூக்கித் தருவார்கள்.

அம்மாவிடம் பெயரைச் சொல்லாதீர்கள். சீஸ் கிழங்கு என்று சொல்லுங்கள். அந்த ஊரிலேயே பண்டிகைக்கும் அதைத்தான் செய்கிறார்கள். 2002இல் அங்கே குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது, சட்டையில் குத்திக்கொள்ளும் நினைவு வில்லையாகவே அந்தக் கிழங்கைப் போட்டு விற்றார்கள்.

இனி உங்கள் கடைசிப் பத்தி.

வெறும் கடமை என்று எழுதியிருக்கிறீர்கள். மக்களே, அந்த ‘வெறும்’ எங்கிருந்து வந்தது?

1974 ஆனி மாதம், திருவட்டார் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா இறந்தார். எனக்குப் பதினொரு வயது. அப்போது எங்களுக்கும் கிழக்கு வீட்டு அத்தைக்கும் பேச்சுவார்த்தை நின்று ஏறக்குறைய ஒரு வருஷம். காரணம் ஒரு தென்னை. மூடு அவர்கள் பக்கம், தலை எங்கள் பக்கம். எங்கள் ஓட்டில் விழுந்த தேங்காய் யாருக்கு, உடைந்த ஓட்டுக்குக் காசு யார் தருவது என்று தொடங்கி, சர்வேயர் வந்து சங்கிலி பிடிக்கிற வரைக்கும் போயிருந்தது. வேலியில் நாங்கள் போக வர இருந்த இடைவெளியை அத்தை முள் வெட்டி அடைத்துவிட்டார். அம்மா பின்கட்டில் பாத்திரம் கழுவும்போது, அங்கே கேட்கட்டும் என்றே கொஞ்சம் ஓங்கி வைப்பாள்.

அப்பாவை எடுத்து முடிய மூன்று மணி ஆயிற்று. மழை விடவில்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை. நானும் தம்பியும் பின் திண்ணையில் பசியோடு உட்கார்ந்திருந்தோம். அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எங்களுக்கே தெரிந்திருந்தது. அப்போது வேலியில் முள் அசைந்தது. அத்தை, தான் வைத்த முள்ளைத் தானே இழுத்துப்போட்டுவிட்டு, தலையில் ஒரு துவர்த்தைப் போட்டுக்கொண்டு, கையில் தூக்குப் போணியோடு வந்தார். கஞ்சி, மேலே தேங்காய்த் துருவல், தனியாகச் சிறுபயறு. ஊற்றி வைத்து, “குடி” என்றார். அந்த ஒரு சொல்தான். உள்ளே போய் அம்மாவுக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு வந்தார். அம்மா முகத்தை அவர் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை. ஆனால் குடித்தாள்.

மறுநாள் மத்தியானம் சோறும் உள்ளித் தீயலும். தீயல் எவ்வளவு வேலை என்று மார்த்தாண்டத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனாலும் சொல்லுவேன். தேங்காயைத் துருவி, மல்லியும் வற்றல் மிளகாயும் ஒரு சிட்டிகை வெந்தயமும் போட்டு, கையெடுக்காமல் வறுக்க வேண்டும். சிவந்து, பின் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து, கருகுவதற்குச் சற்று முன்னால் இறக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் எல்லாம் கசந்துவிடும். அதை அம்மியில் வைத்து எண்ணெய் விடும்வரை அரைக்க வேண்டும். உள்ளியை அரியாமல் முழுசு முழுசாக வதக்கிப் புளித்தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். அன்று எங்கள் வீட்டில் வந்தவர் போனவரோடு பதினைந்து பேராவது இருந்தோம். அத்தனை பேருக்கு எவ்வளவு உள்ளி உரித்திருக்க வேண்டும்! அத்தை வீட்டில் கூடமாட ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. பரிமாறும்போது அவர் பெருவிரல் நகத்தைப் பார்த்தேன். நகத்துக்கும் சதைக்கும் நடுவே, உள்ளித்தோல் ஏறிய பழுப்புக் கோடு.

அன்பு இருந்தால்தான் வர வேண்டும் என்று வைத்திருந்தால் அத்தை வந்திருக்க மாட்டார். எங்கள் மேல் அவருக்கு அன்று அன்பு இல்லை, நல்ல கோபம் இருந்தது. கிழக்கு வீடு என்றால் முதல் கஞ்சி அங்கிருந்துதான் என்று ஒரு முறை இருந்தது, அந்த முறை அவரை முள்ளைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்தது. அன்புள்ளவர்கள் எப்படியும் வருவார்கள், அவர்களுக்கு முறை எதற்கு? பிடிக்காதவனையும் அன்றைக்கு வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தத்தான் அதைப் பெரியவர்கள் வைத்தார்கள். நாலு பேர் பேசுவார்களே என்ற பயமாம்! பேசட்டுமே. அந்தப் பயத்தில் இரண்டு பையன்களுக்குக் கஞ்சி கிடைத்தது.

உங்கள் தங்கையின் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அங்கே மோர்மன் சபையில் ரிலீஃப் சொசைட்டி என்று 1842இல் தொடங்கிய பெண்கள் அமைப்பு ஒன்று இருக்கிறது. சபைக் குடும்பத்தில் சாவு விழுந்தால் யார் கிழங்கு, யார் பன்றித்தொடை, யார் சாலட் என்று பங்கு பிரித்துக்கொண்டுதான் செய்கிறார்கள். அந்தக் கிழங்குக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான். அதுவும் முறைதான் எம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அன்பு மாதிரி தெரிகிறது. கிழக்கு வீட்டு அத்தையை சால்ட் லேக் சிட்டியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் அவர்களும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். ஒன்றை ஒளிக்கவும் கூடாது. அப்பா இறந்த அன்று எங்களுக்குத் தேங்காய் வெட்ட வருகிறவர், ஒரு மட்டி வாழைக்குலையைக் கொண்டுவந்து முற்றத்து ஓரத்தில் வைத்துவிட்டு மழையில் நின்றார். அப்பா மேல் உண்மையிலேயே பிரியம் உள்ளவர். அவர் வீட்டுக் கஞ்சி எங்கள் வீட்டுக்குள் வர அன்று முறை இல்லை. அதனால் பழம். நான் தூக்கிப் பிடிக்கும் முறைக்குள் இதுவும்தான் இருந்தது. உங்கள் எரிச்சல் இதைப் பற்றியது என்றால், உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பதினாறு கழிந்த மறுநாள் அம்மா போணியைப் புளி போட்டுத் தேய்த்து என்னிடம் கொடுத்தாள். அடியில் அத்தையின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், பாத்திரக்கடையில் உளி வைத்துத் தட்டுவார்களே, அந்த எழுத்து. வெறும் போணியாகக் கொடுக்க வேண்டாம் என்று அம்மா உள்ளே ஒரு தேங்காயை உரித்துப் போட்டிருந்தாள். அந்தத் தென்னையில் காய்த்து எங்கள் பக்கம் விழுந்த தேங்காய். அத்தை மூடியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டாரா, குத்தல் என்று எடுத்துக்கொண்டாரா, சொல்லவில்லை. அம்மாவிடம் பிற்பாடு கேட்டபோது அவளும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வேலி இடைவெளியில் புது முள் வைத்திருந்தது.

நாலு வருஷம் கழித்து ஒரு காற்றில் அந்தத் தென்னை விழுந்தது. எங்கள் பக்கமும் இல்லை, அவர்கள் பக்கமும் இல்லை. வேலி மேலேயே நீளவாக்கில்.

நாற்பது பொட்டலம் இட்லிக்குப் பாத்திரம் எதுவும் திரும்பி வரவேண்டியதில்லை. பிளாஸ்டிக் பைகளை அன்று சாயங்காலமே பந்தல்காரர்கள் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள்.

தங்கை வந்ததும் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். பெயர் ஒட்டிய அந்தக் கண்ணாடித் தட்டை அவள் திருப்பிக் கொடுத்தாளா? கொடுத்தபோது உள்ளே என்ன வைத்தாள்?

அன்புடன்,
அண்ணாச்சி