புள்ளியை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள்

கேள்வி: மாவுப்பூச்சி அப்பியிருந்த கிளையில் 2 மி.மீ. நீளத்தில், உடம்பெல்லாம் பொடி ரோமத்துடன் பழுப்பு வண்டுகள் கிடைத்தன. இவை பொறிவண்டா, இலைவண்டா?

பதில்: முதலில் பாதத்தைப் பாருங்கள். பொறிவண்டின் பாதத்தில் மூன்று கணுக்கள் மட்டுமே இருப்பதுபோலத் தோன்றும். பெரும்பாலான இனங்களில் உண்மையில் நான்கு உண்டு. இரண்டாவது கணு அகன்று இரு மடலாகப் பிரிந்து, குட்டியான மூன்றாவது கணுவைத் தனக்குள் ஒளித்துக்கொள்ளும். இலைவண்டில் நான்கு கணுக்கள் பளிச்சென்று தெரியும். அதன் உணர்கொம்பும் நீண்டு நூல்போல் இருக்கும். பொறிவண்டின் உணர்கொம்பு குட்டை, நுனி தடித்திருக்கும். இன்னொரு சான்று வயிற்றின் அடியில் இருக்கிறது. முதல் வயிற்றுத் தட்டில், பின்னங்கால் பொருந்தும் இடத்துக்குப் பின்னால் ஒரு வளைகோடு ஓடினால் அநேகமாகப் பொறிவண்டுதான். அந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கான விடையே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: பொறிவண்டு என்று உறுதியாகிவிட்டது. ஸ்கிம்னஸ் பேரினமாக இருக்கலாம் என்கிறார்கள். நிறத்தையும் புள்ளியையும் வைத்துப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லையே?

பதில்: பொருந்தாது. இந்தக் குட்டி வண்டுகளில் ஒரே சிற்றினம் பழுப்பாகவும் கறுப்பாகவும் வரும். வெவ்வேறு பேரினங்கள் ஒரே உடுப்பில் வரும். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டு வெளிறியே இருக்கும், நிறம் ஏற நேரம் பிடிக்கும். வண்டைப் புரட்டிப் போடுங்கள்.

ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 40 முதல் 60 மடங்கு பெருக்கம் வேண்டும். விளக்கை நேர் மேலிருந்து அடிக்காதீர்கள். ரோமம் பளபளத்துக் கோட்டை மறைத்துவிடும். பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் கோட்டின் நிழல் விழும்.

முதலில் முன்மார்பின் அடிப்பக்கம். முன்னங்கால்களுக்கு நடுவே முன்னோக்கி ஓடும் இரண்டு மெல்லிய வரம்புகள் ஸ்கிம்னஸில் இருக்கும். அதன் நெருங்கிய உறவான நெஃபஸில் அவை இருக்காது. நெஃபஸின் பாதத்தில் பொதுவாக உண்மையாகவே மூன்று கணுக்கள்தான். ஸ்கிம்னஸில் ஒளிந்திருக்கும் ஒன்றையும் சேர்த்து நான்கு. இந்த இரண்டு அடையாளங்களையும் சேர்த்தே பாருங்கள். பசையோ தூசியோ படிந்தால் வரம்பு மறைந்து, ஸ்கிம்னஸ் நெஃபஸாகத் தெரியும். இந்தக் குழுவில் அடிக்கடி நேரும் தவறு இது.

இப்போது வயிற்றுக் கோடு. அது தட்டின் பின்விளிம்பை நோக்கி வளைந்து இறங்கி, மறுபடி மேலேறி, தட்டின் முன்விளிம்பைத் தொட்டு முழு வளைவாக முடிந்தால் புல்லஸ் என்னும் துணைப்பேரினம். மேலேறும்போது பாதி வழியில் தேய்ந்து மறைந்தால் ஸ்கிம்னஸ் என்ற பெயரையே தாங்கும் துணைப்பேரினம். மேலேறாமல் பின்விளிம்போடு ஒட்டிக் கலந்துவிட்டால் நீங்கள் பார்ப்பது ஸ்கிம்னஸே அல்ல, டயோமஸ் என்னும் வேறு பேரினமாக இருக்கலாம். கோட்டின் வெளி முனைதான் முடிவு சொல்கிறது. அந்த இடத்தில்தான் பின்னங்கால் தொடை மூடிக் கிடக்கும். நுண்ணிய ஊசியால் காலை விலக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

கேள்வி: அட்டையில் ஒட்டி வைத்த பழைய மாதிரிகளில் அடிப்பக்கமே தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: வயிற்றை முழுவதுமாக அட்டையில் பதித்து ஒட்டியதன் விளைவு இது. நீரில் கரையும் பசை என்றால் வெந்நீரில் சில நிமிடம் போட்டாலே வண்டு கழன்றுவிடும், மூட்டுகளும் இளகும். பிறகு முக்கோண அட்டையின் நுனியில் துளிப் பசை வைத்து, வண்டின் வலப்பக்க மார்பு மட்டும் படும்படி ஒட்டுங்கள். ஒரே இடத்தில் பல வண்டுகள் கிடைத்தால் ஒன்றை மல்லாக்க ஒட்டி வைப்பது நல்ல வழக்கம்.

கேள்வி: துணைப்பேரினம் வரை வந்தாயிற்று. சிற்றினத்தை எப்படி உறுதி செய்வது?

பதில்: ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. பல இனங்களில் ஆணின் கடைசி வயிற்றுத் தட்டு நுனியில் லேசாகக் குழிந்திருக்கும். பெண்ணில் உருண்டு முடியும்.

இளகிய வண்டின் வயிற்றை மட்டும் தனியே எடுங்கள். அதற்கு முன் வயிற்றுக் கோட்டை வரைந்தோ படமெடுத்தோ வைத்துவிடுங்கள். 90 மி.லி. நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகக் கரையுங்கள். கரைசல் சூடாகும், தோலில் பட்டால் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோதனைக் குழாயில் வயிற்றையும் கரைசலையும் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் 5 முதல் 10 நிமிடம் நிறுத்துங்கள். குழாயை நேரடியாகத் தீயில் காட்டினால் கரைசல் பீறிட்டு வெளியே தெறிக்கும். பிறகு நீரில் அலசி, ஒரு துளி நீர்த்த அசிட்டிக் அமிலம் விட்டுக் காரத்தை முறித்து, கிளிசரினுக்கு மாற்றுங்கள்.

உள்ளே இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நடுமடலும் அதன் இருபுறமும் ரோமம் தாங்கிய இரு பக்கமடல்களும் கொண்டது. மற்றொன்று வளைந்த நீண்ட குழல், சைஃபோ என்பார்கள். நடுமடலின் நுனி, பக்கமடல்களோடு ஒப்பிட்ட அதன் நீளம், சைஃபோவின் நுனி வடிவம், அடியில் உள்ள உறையின் அமைப்பு ஆகியவையே சிற்றினத்தைப் பிரிக்கும். நடுமடலைப் பக்கவாட்டிலும் அடிப்புறத்திலுமாக இரு கோணத்தில் வரையுங்கள். ஒரே கோணப் படத்தை வைத்து நூலிலுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டால் சாய்வில் வரும் மாற்றம் வேறு இனம்போல் ஏமாற்றும்.

காரத்தில் நேரம் குறைந்தால் தசை விடாது; இழுத்தால் சைஃபோ முறியும். மீண்டும் காரத்தில் இடுங்கள், இழுக்காதீர்கள். நேரம் மிகுந்தால் உறுப்பு நிறமிழந்து கிளிசரினில் கண்ணுக்கே தட்டாது. குளோரசால் கறுப்புச் சாயம் சிறிது ஏற்றினால் ஓரங்கள் தெரியும். வேலை முடிந்ததும் உறுப்பைக் கிளிசரின் நிரப்பிய நுண்குப்பியில் இட்டு, அதே வண்டின் ஊசியிலேயே செருகுங்கள். தனியே வைத்த உறுப்பு எந்த வண்டுடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: கைப்பேசிப் படத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

பதில்: பெரிய, ரோமமற்ற பொறிவண்டுகளில் பல நேரம் முடியும். ஸ்கிம்னஸில் மேற்புறப் படத்தைக் கொண்டு பேரினத்தைக்கூட உறுதியாகச் சொல்ல இயலாது. வயிற்றின் அடிப்பக்கப் படம் ஒன்று கூடவே இருந்தால் துணைப்பேரினம் வரை வரலாம்.