நான்கு மூட்டைப் புளிப்பு ஆப்பிள்: வினிகர் போடுவது எப்படி?

வாசகி ஒருவரின் கேள்வி: "இங்கிலாந்தில், லெஸ்டருக்குப் பக்கத்தில் போன வருடம் வீடு வாங்கினோம். பின்வளவில் வயதான ஆப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. பெரிய பச்சைக் காய்கள், கடித்தால் பல் கூசும். பக்கத்து வீட்டுக்காரர் அது பிராம்லி என்கிறார். இந்த ஒக்டோபரில் நாலு மூட்டை வந்துவிட்டது. போன வருடம் தோலையும் நடுப்பகுதியையும் சீனித் தண்ணீரில் ஊறவைத்து வினாகிரி (வினிகர்) செய்து பார்த்தேன். இரண்டு கிழமையில் மேலே வெள்ளை ஆடை படிந்தது. பயந்து கொட்டிவிட்டேன். இந்த முறை சரியாகச் செய்ய வேண்டும். அந்த வினாகிரியிலேயே அச்சாறும் (வினிகர் ஊறுகாய்) போட்டு வைக்கலாமா?"

நீங்கள் கொட்டியது அநேகமாக நல்ல சரக்கு. அந்த ஆடை என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மரத்தைப் பற்றி இரண்டு வரி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி என்றால், அது உங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லாத சவுத்வெல்லில் பிறந்த ரகம். 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்தது முதல் மரம். பிற்பாடு அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்காரர் மேத்யூ பிராம்லியின் பெயர் பழத்துக்கு ஒட்டிக்கொண்டது. விதை போட்ட பெண்ணின் பெயர் பலருக்கும் நினைவில்லை. இது கடித்துத் தின்னும் பழமில்லை, சமையல் ஆப்பிள். புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் அதிகம், சர்க்கரை குறைவு. வினிகருக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

வேலையைப் பிரிப்பதில் தொடங்குங்கள். கையால் பறித்த, அடிபடாத, காம்போடு இருக்கும் பழங்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் குளிர்ச்சியான ஷெட்டில் அடுக்குங்கள். பிராம்லி மாசி, பங்குனி வரைகூடத் தாங்கும். உருளைக்கிழங்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள், கிழங்கின் மண்வாசம் பழத்தில் ஏறிவிடும். வாரம் ஒருமுறை பார்த்து, அழுகத் தொடங்கியதை வெளியேற்றுங்கள்.

கீழே விழுந்து அடிபட்டவை வினிகருக்கு. ஆனால் அடிபட்டது வேறு, பூசணம் பிடித்தது வேறு. அடிபட்ட பழுப்பை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். நீலப்பச்சைப் பூசணம் ஏறி உள்ளே கூழாகிவிட்ட பழத்தை முழுசாக எறியுங்கள். அந்தப் பூசணம் பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும், கொதிக்க வைத்தாலும் அது முழுதாகப் போகாது. "வினிகர்தானே, புளிக்கிறபோது எல்லாம் செத்துவிடும்" என்று அழுகலைத் தள்ளிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு வேண்டாம்.

இன்னொரு பங்கு நேரே சமையலுக்கு. மாங்காய் கிடைக்காத ஊரில் பிராம்லியை மாங்காய் மாதிரி நடத்தலாம். பொடியாக நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள், வெந்தயம், நல்லெண்ணெய் சேர்த்த உடனடி ஊறுகாய்க்கு அது அபாரமாகப் பொருந்தும். தோல் சீவித் துண்டு போட்டு, எலுமிச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்து ஃப்ரீஸரில் வைத்தால் பருப்புக்குழம்பில் புளிக்குப் பதிலாகக்கூடப் போடலாம். ஒரு எச்சரிக்கை: வெந்ததும் இது பஞ்சாகக் கரைந்துவிடும், துண்டு துண்டாக நிற்காது.

சரி, வினிகருக்கு வருவோம். இலங்கையில் வினாகிரி, எங்கள் பக்கம் வினிகர், அந்தக் காலத்தில் காடி. அங்கே தென்னங்கள்ளிலிருந்து வினாகிரி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். முதலில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது, அதற்குக் காற்று தேவையில்லை. அப்புறம் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்குகிறது, அதற்குக் காற்று இல்லாமல் முடியாது. இந்த இரண்டையும் ஒரே ஜாடியில் ஒரே நேரத்தில் நடக்க விடுவதால்தான் வீட்டு வினிகர் பெரும்பாலும் நீர்த்துப் போகிறது. தோல் ஊறவைக்கும் முறையின் குறையும் அதுதான். சாலட்டுக்கும் ரசத்துக்கும் போதும், ஆனால் பலம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. பலமான வினிகர் வேண்டுமென்றால் சாறு எடுங்கள், இரண்டு கட்டத்தையும் பிரித்து வையுங்கள்.

பழம் பிழியும் இயந்திரம் இல்லையா? கவலையில்லை. நான்காக வெட்டி ஃப்ரீஸரில் உறைய வைத்து, மறுபடி உருக விட்டுப் பிழியுங்கள். உறையும்போது பழத்தின் செல்கள் உடைவதால் துணியில் போட்டு முறுக்கினாலே சாறு கொட்டும். 10 கிலோ பழத்துக்கு 4 முதல் 5 லிட்டர் எதிர்பார்க்கலாம். பிராம்லி மட்டும் போட்டால் சர்க்கரை பற்றாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் இனிப்பு ஆப்பிளைச் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். அல்லது சாற்றின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரையின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், அதிக விலையில்லை. சாற்றில் 1.050 காட்ட வேண்டும். 1.040 காட்டினால் லிட்டருக்கு சுமார் 26 கிராம் சர்க்கரை சேர்த்தால் சரியாகும். 1.050 என்பது முழுதாகப் புளித்த பின் ஆறு, ஆறரை சதவீத ஆல்கஹால். அதிலிருந்து கிட்டத்தட்ட 5 சதவீத அமிலம் வரும்.

சாற்றைக் கண்ணாடிக் குடுவையிலோ உணவுத் தரப் பிளாஸ்டிக் வாளியிலோ ஊற்றி சைடர் (ஆப்பிள் மது) ஈஸ்ட் தூவுங்கள். காற்று வெளியேறும் அடைப்பான் பொருத்துங்கள், அது இல்லாவிட்டால் மூடியைத் தளர்வாக வையுங்கள். இறுக்கி மூடாதீர்கள். என் சமையலறைக் கூரையில் ஒரு பழுப்புக் கறை பத்து வருடமாக இருக்கிறது, மூடி இறுக்கிய ஒரு பாட்டிலின் உபயம். 18 முதல் 22 டிகிரி வெப்பம் போதும். அக்டோபரில் சமையலறை குளிர்ந்தால் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் வைக்கலாம். இரண்டு, மூன்று வாரத்தில் குமிழி நின்று, ஹைட்ரோமீட்டர் 1.000 பக்கம் இறங்கும். அடியில் படிந்த மண்டியைக் கலக்காமல் தெளிவை மட்டும் குழாய் வைத்து வாங்குங்கள். சைடர் போடுகிறவர்கள் இந்த இடத்தில் சல்ஃபைட் மாத்திரை போடச் சொல்வார்கள். நீங்கள் போட வேண்டாம், அது நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் அடக்கிவிடும்.

இரண்டாம் கட்டத்தில்தான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள். வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் பாதிக்குச் சற்று மேல் வரை மட்டும் ஊற்றுங்கள், மேல்பரப்பு அகலமாக இருந்தால்தான் காற்று சேரும். மூன்று பங்கு புளித்த சாறுக்கு ஒரு பங்கு என்று, காய்ச்சாத, வடிகட்டாத கடை வினிகரைக் கலந்துவிடுங்கள். அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது, கூடவே ஆரம்பத்திலேயே அமிலம் ஏறுவதால் பூசணம் அண்டாது. இதை விட்டுவிட்டால் எல்லாம் அதிர்ஷ்டத்தின் கையில். வாய்க்கு மெல்லிய மஸ்லின் கட்டினால் பழ ஈ புகுந்துவிடும். பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்து ரப்பர் வளையம் போடுங்கள். அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடவே கூடாது. பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடியின் மெருகில் ஈயம் இருக்கலாம், அதையும் தவிருங்கள். 25 டிகிரிக்கு மேல் இருந்தால் வேகமாக நடக்கும். இங்கிலாந்துக் குளிரில் இரண்டு, மூன்று மாதம் ஆகும்.

இப்போது அந்த வெள்ளை ஆடை. மூன்று விதமாக வரலாம். வழவழப்பாக, சாம்பல் வெள்ளையில் மெல்லிய ஏடாகத் தொடங்கி, நாளாக நாளாக இளநீர் வழுக்கை போல் தடிக்கிறதா? அதுதான் வினிகர்த் தாய், பாக்டீரியா நெய்த செல்லுலோஸ். கடையில் விற்கும் நாட்டா டி கோகோவும் இதே வகைப் பாக்டீரியா தேங்காய்த் தண்ணீரில் நெய்ததுதான். அதைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். காய்ந்த மாவு போல், சுருக்கம் சுருக்கமாக இருக்கிறதா? அது காற்றில் வளரும் ஒருவகை ஈஸ்ட், ஆபத்தில்லை, சுவையைத்தான் கொஞ்சம் கெடுக்கும். வழித்துப் போட்டுவிட்டுத் தொடரலாம். தோல் முறையில் தினம் கிளறாமல், துண்டுகள் மிதக்க விட்டால் இது நிச்சயம் வரும், உங்களுக்கு வந்ததும் பெரும்பாலும் இதுவே. பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில், பஞ்சு போல் முடி முளைத்திருக்கிறதா? அப்போது மட்டும் கொட்டுங்கள், ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்க வேண்டாம்.

நடுவில் ஒரு கட்டத்தில் நகப்பூச்சு அழிப்பான் வாசம் அடிக்கும். பதற வேண்டாம், காற்றோட்டம் கிடைத்து நாளானால் அது தானே போகும். சாராய வாடை முழுதும் போய், மூக்கைக் குத்தும் புளிப்பு வந்ததும் வடிகட்டி, பாட்டிலின் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். அரைப் பாட்டிலாக விட்டால் ஆல்கஹால் தீர்ந்துபோன பாக்டீரியா அமிலத்தையே தின்னத் தொடங்கி, வினிகர் வெறும் தண்ணீராகிவிடும்.

அச்சாறு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கும் அச்சாறுக்கு வினிகரில் 5 சதவீத அமிலம் இருக்க வேண்டும். நாக்கை நம்பாதீர்கள், பிராம்லியின் சொந்தப் புளிப்பே உங்களை ஏமாற்றும். நிறம் மாறும் பிஎச் தாளும் பலத்தைச் சொல்லாது. வீட்டில் ஒயின் போடுகிறவர்களுக்கு விற்கும் அமிலச் சோதனைப் பெட்டியில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் இருந்தால், 1 மில்லி வினிகரின் நிறம் மாற எத்தனை மில்லி செலவாகிறது என்று பார்த்து 0.6 ஆல் பெருக்குங்கள். எட்டரை மில்லி போனால் 5 சதவீதம் தாண்டிவிட்டது. இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால், அச்சாறுக்குக் கடை வினிகரே போடுங்கள். வீட்டு வினிகரில் போட்ட அச்சாறை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் குடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள். நீர்க்காமல் குடித்தால் பல் எனாமல் கரையும் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், இந்த வருடத்துத் தாயில் ஒரு துண்டை அதே வினிகரில் மூழ்க விட்டு, துணி கட்டிய சின்ன ஜாடியில் எடுத்து வையுங்கள். அடுத்த அக்டோபரில் கடை வினிகர் வாங்க வேண்டியிருக்காது.