தலையிடி இல்லாமல் ஒற்றைத் தலையிடியா?

கேள்வி: எனக்கு 38 வயது, உப்புவெளியில் இருக்கிறேன். ஒரு வருடமாக அடிக்கடி தலை சுற்றுகிறது. சில நேரம் அரை நாளுக்கு வீடே ஆடும். அறையைச் சாத்திக்கொண்டு, ஒருவரையும் பேசவிடாமல் படுப்பேன். பிரஷர் என்கிறார்கள், காதுக்குள் கல் என்கிறார்கள். ஸ்கானில் ஒன்றுமில்லை. வெள்ளி விரதத்தால் வந்த பலவீனம் என்கிறார் மாமி. பள்ளிக்கூடக் காலத்தில் ஒற்றைத் தலையிடி இருந்தது. இப்போது சுற்றும்போது பெரும்பாலும் தலையிடி இல்லை.

பதில்: தங்கச்சி, அறையைச் சாத்திக்கொண்டு படுப்பேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் என் கண் நின்றது. வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லை என்றுதானே அர்த்தம்?

காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறி வரும் சுற்று, படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். டொக்டர் தலையைச் சில விதமாகத் திருப்பியே அதைச் சரிசெய்யலாம். எழும்பி நின்றதும் கண் இருட்டி, இருந்தால் தெளிந்தால் பிரஷர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்பதும் குறைந்தால் அது மெனியர் என்ற உள்காது நோயாக இருக்கலாம்.

ஒற்றைத் தலையிடியால் வரும் சுற்று 5 நிமிடத்திலும் முடியலாம், 72 மணித்தியாலமும் இழுக்கலாம். 2012இல் வகுத்த அளவுகோலின்படி, ஐந்து தடவையாவது வந்திருக்க வேண்டும். அவற்றில் பாதியிலாவது தலையிடியோ, வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தாங்காமையோ, கண்முன் மின்னுவதோ இருக்க வேண்டும். ஆக, தலையிடி வந்தே தீரவேண்டும் என்றில்லை. இது ஸ்கானிலும் தெரியாது. ஸ்கான் சுத்தமாக இருப்பதால் உங்கள் வருத்தம் பொய்யாகிவிடாது.

மாமி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பட்டினி இதைக் கிளப்பிவிடும். கொழும்பு பஸ்ஸில் கெட்ட தூக்கம், மாதவிலக்கு நாட்கள், சிலருக்கு மத்தியானக் கடலின் பளபளப்பு, இவையும்தான். விரத நாளில் பாலும் பழமுமாவது வேளைக்கு எடுங்கள்.

ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், காது எப்படி இருந்தது, சாப்பிட்டீர்களா என்று எழுதி, நரம்பியல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். டொக்டருக்கு ஸ்கானைவிட அதுதான் உதவும். பார்மசியில் வாங்கும் தலைச்சுற்றுக் குளிசையை மட்டும் தினமும் போடாதீர்கள், அது சமநிலை திரும்புவதைத் தாமதப்படுத்தும்.

சுற்றோடு பேச்சுக் குழறினால், முகம் கோணினால், ஒரு பக்கக் கைகால் சோர்ந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாமல் சரிந்தால் கொப்பியைத் தேட வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.