வரன் விசாரிக்க வந்தால் என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் சபையில் ஓர் அக்கா, தன் மகன் குடியை விட முடியாமல் மறுவாழ்வு மையத்தில் இருந்து வந்ததை ஜெபக்குறிப்பாக என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். இப்போது அவனுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். பெண்ணின் சித்தி வந்து, "பையன் எப்படி?" என்று விசாரித்தார். "அப்புறம் சொல்கிறேன்" என்று நழுவிவிட்டேன். சனிக்கிழமை மறுபடி வருகிறார். சொன்னால் துரோகம், மறைத்தால் பொய். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, நழுவியதில் தப்பில்லை. கேட்ட உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பேசுகிறதற்குப் பொறுமையாய் இருங்கள் என்றுதான் யாக்கோபு எழுதுகிறார். ஆனால் சனிக்கிழமையும் நழுவ முடியாது. "தங்கமான பையன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு நீங்கள் போடும் ஜாமீன் கையெழுத்து அது.

முதலில் அந்த அக்காவிடம் போங்கள். "அக்கா, பெண் வீட்டார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்னதை நான் வெளியே விடவில்லை. ஆனால் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிவிடுங்கள், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், படட்டும். மகன் குடியை விட்டிருந்தால், அதைப் பெற்றவளே சொல்வதுதான் அவனுக்கும் மரியாதை.

தரகர் வழியாக மட்டும் ஒரு வார்த்தையும் அனுப்பாதீர்கள். நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் "எனக்குத் தெரிந்த குடும்பம்தான்" என்பீர்கள். அது பெண் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது "அவங்களே நல்ல பையன்னு சொல்லிட்டாங்க" என்று ஆகியிருக்கும். கல்யாணம் முடிந்தால்தான் இரண்டு பக்கமும் கமிஷன் கிடைக்கும் என்பவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் வேண்டாம். அது எந்தெந்த வீட்டில் ஒலிக்கும் என்று சொல்ல முடியாது.

பையன் நல்லவன் என்று போதகர் எழுதிக்கொடுக்கும் சபைக் கடிதம் இருக்கிறதே என்பார்கள். நானும் அப்படிக் கடிதம் கொடுத்தவன். ஒருமுறை ஒரு பெண்ணின் அப்பா, நான்காக மடித்த காகிதத்தை என் மேசைமேல் விரித்தார். மடிப்பில் மை அழிந்திருந்தது, என் கையெழுத்து அழியவில்லை. "நல்லொழுக்கமுள்ளவர் என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா" என்றார். அந்தப் பையனிடம் நான் பத்து நிமிடம் கூடப் பேசியதில்லை. அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பிக் கொடுக்கும் இந்த வழக்கத்தை இன்னும் ஏன் வைத்திருக்கிறோம்? கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கிறோம். அதில் கேட்பதெல்லாம் உயிரோடு இருக்கும் மனைவி, விலக்கப்பட்ட உறவுமுறை போன்ற தடைகளை மட்டுமே. பெண்ணைப் பெற்றவர்களின் பயத்துக்கு அதில் இடமே இல்லை.

பிறகு கஷ்டப்படுவது அந்தப் பெண். 2001-இல் திருத்திய பிறகும், கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் குடிப்பழக்கம் தனிக் காரணமாக இல்லை. கொடுமை என்று நிரூபித்தாக வேண்டும். அதாவது, உடம்பாலும் மனதாலும் பட்டதையெல்லாம் கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

சரி, அக்கா சம்மதிக்கவில்லை என்றால்? அப்போதும் சித்தியிடம் முழுக்கதை வேண்டாம். "இந்த விஷயத்தில் நான் சாட்சி சொல்ல முடியாது. பையனின் பழக்கவழக்கம், உடல்நிலை பற்றி அவர்களிடமே நேரில் கேளுங்கள். பதில் கிடைக்காமல் நிச்சயம் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். இது மழுப்பல் இல்லையா என்று கேட்பீர்கள். வேதத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி, ராஜாவாயிருந்த சவுலுக்குத் தெரியாமல் தாவீதை அடுத்த ராஜாவாக அபிஷேகம்பண்ணப் போகும்போது, "பலியிட வந்தேன்" என்று சொல்லும்படி கர்த்தரே சொன்னார். அவர் பலியிட்டதும் உண்மை. சவுலுக்கு முழுவதையும் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறைக்கக் கூடாது. சவுல் கொலைசெய்யத் தேடியவன். இந்தச் சித்தி தன் பிள்ளையைக் காப்பாற்றத் தேடுகிறவர். அதனால்தான் உங்கள் பதிலில் எதைக் கேட்க வேண்டும் என்ற வழியாவது இருக்க வேண்டும். அவர்கள் நேரில் கேட்டும் அக்கா "என் மகன் குடித்ததே இல்லை" என்று சாதித்தால், நீங்கள் காத்த இரகசியம் அதோடு முடிந்தது. தெரிந்ததை மட்டும், கூட்டாமல், பெண்ணின் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். வியாழன் மாலை அக்கா வீட்டுக்குப் போங்கள். ஜெபக்கூட்டத்துக்கு முன், அவர் தனியாக இருக்கும்போது. மகனைப் பற்றிய விசாரிப்போடு ஆரம்பியுங்கள், சம்பந்தப் பேச்சை அப்புறம் எடுக்கலாம்.